லோறன்சியார் திருவிழாவில் மழை பெய்த வருடம்

செய்தி வந்தபோது நான் முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பிலோமினா. அவள் எடுத்தால் முதலில் என் சுகம் விசாரிப்பாள், பிறகு தன் முழங்கால் நோவைப் பற்றிக் கால் மணித்தியாலம் சொல்வாள். அன்றைக்கு இரண்டும் இல்லை. "மிஸ்ஸி, எங்கட டொக்டர் மௌத்தாயிட்டாவாம்" என்றாள். மாதாவைக் கும்பிடும் வேதக்காரியான அவளுடைய வாயில், முஸ்லிம்கள் சாவுக்குச் சொல்லும் அந்தச் சொல் சொந்தச் சொல்போல வந்தது. புத்தளத்தில் மகளின் வீட்டில், விடியத் தொழுதுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர் பிறகு எழும்பவில்லையாம். படுக்கையில் கிடக்கவில்லை, ஒருவருக்கும் பாரமாக இருக்கவில்லை. அன்று பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பேசாலையிலிருந்து உடனே பஸ் ஏறினாலும் நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

அழுகை வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தது பெருமூச்சுத்தான். எத்தனையோ பெண்களின் நோவைப் பார்த்த மனுசி நோவில்லாமல் போய்ச் சேர்ந்தாரே என்ற ஆறுதல் ஒன்று. இன்னொன்றும் இருந்தது. அவருக்கு நான் கொடுத்திருந்த ஒரு வாக்கு அன்றோடு முடிந்தது. நல்ல மனிதர் ஒருவர் இறந்த நாளில் எனக்கு விடுதலை கிடைத்தது என்று எழுதுவது அழகில்லைத்தான். ஆனால் அவரைத் தெரிந்த நீங்கள் என்னைத் தப்பாக நினைக்க மாட்டீர்கள். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் அவர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அதனால் நேராகவே சொல்கிறேன்.

டொக்டர் ஹிதாயா பிள்ளைப்பேற்றுக்கும் பெண்களின் நோய்களுக்குமான விசேட வைத்தியர். இதை வாசிக்கும் உங்களில் பலரை இந்த உலகத்தில் முதலில் தொட்டது அவருடைய கைதான். முசலிக் கரையில் பிறந்தவர். யுத்தத்தில் அவருடைய முஸ்லிம் சனம் முழுவதும் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருந்த காலத்தில், பிள்ளைகளைத் தாயாரிடம் விட்டுவிட்டுத் தனியாக, பேசாலை இருக்கிற எங்கள் தீவின் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குத் திரும்பி வந்தார். உங்களைத் துரத்திய இடத்துக்கு ஏன் திரும்பி வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் எனக்கு வாய் சும்மா இராது. "இஞ்சை பிள்ளைப்பெறு நிண்டிட்டுதா மிஸ்ஸி? இல்லைத்தானே" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை.

நான் அப்போது பெருநிலப் பக்கத்தில், விடத்தல்தீவுக்கு அப்பாலுள்ள கரையோரக் குடியிருப்புகளுக்குக் குடும்பநல மாது, அதாவது அரசாங்க மருத்துவிச்சி, சனத்துக்கு மிஸ்ஸி. பிறந்தது தீவில், வேலை மறுபக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் சோதனைச் சாவடி, பாலம், அதன் வாசலில் இராணுவ முகாம். எங்கள் பக்கத்தில் சத்திரசிகிச்சை செய்ய யாரும் இல்லை. கடினமான பிள்ளைப்பேறு என்று எனக்குப் படுகிற தாய்மாரைக் கூட்டிக்கொண்டு, பாஸ் என்ற அனுமதிச் சீட்டு எடுத்து, வெயிலில் வரிசையில் நின்று, மாதம் ஒருமுறை அவருடைய கிளினிக்குக்குப் போவேன். அப்படித்தான் பழக்கம்.

முதல் நாளே அவருடைய நாடாவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றின் உயரத்தை அளக்க அவர் வைத்திருந்தது தையல்காரர்களின் நாடா. தாயார் புத்தளத்தில் சட்டை தைத்துக் குடும்பத்தைப் பார்த்தவர், அவருடைய பழைய நாடா. நுனியில் இரண்டு சென்றிமீற்றர் கிழிந்துபோயிருந்தது. ஒவ்வொரு தாயை அளக்கும்போதும் "ரெண்டைக் கழியுங்கோ மிஸ்ஸி" என்பார். அடுத்த மாதம் என் பெட்டியிலிருந்த புது நாடா ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் பழையதையே எடுத்தார். "புதுசெண்டால் நினைப்பில்லாமல் வாசிச்சுப்போட்டுப் போயிடுவம். இதெண்டால் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேணும்" என்றார். நான் அதை மனுசியின் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

இன்னொரு நாள், கட்டுக்கரைப் பக்கத்தில் வயல் கூலி வேலை செய்யும் ஒரு பெண் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மருமகளைச் சோதித்து முடிந்தது, மருந்து எழுதியும் முடிந்தது. டொக்டர் பேனையை வைத்துவிட்டு மாமியாரைப் பார்த்தார். வந்த நேரம் முதல் அவள் நின்றபடியே நின்றிருக்கிறாள், பக்கத்தில் இரண்டு கதிரைகள் சும்மா கிடக்கின்றன. "நீங்கள் ஏன் இருக்கேல்லை?" என்று கேட்டார். பரவாயில்லை என்றாள். டொக்டர் மருமகளை வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பவும் கேட்டார். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒம்பது வருசமா சரியா ஒக்காந்ததே இல்லீங்க டொக்டரம்மா" என்றாள். கடைசிப் பிள்ளை பிறந்து மூன்றாம் நாளே நாற்று நடப் போனவள். கருப்பை இறங்கி வெளியே வந்துவிட்டிருந்தது. துணியால் இறுகக் கட்டிக்கொண்டு ஒன்பது வருடம் குனிந்து நிமிர்ந்திருக்கிறாள். புருசனுக்குக்கூடச் சொல்லவில்லை.

டொக்டர் அவளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். மூன்று மாதம் கழித்து அவள் மருமகளோடு திரும்பவும் வந்தாள். வந்ததும் ஒரு கதிரையில் இருந்தவள், கிளினிக் முடியும்வரை எழும்பவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி வந்து நின்றபோது, கொஞ்சம் இடம் கொடுங்கோ என்று நான் சொன்னேன். டொக்டர் என்னைப் பார்த்து முறைத்தார். "அவ இருக்கட்டும். ஒம்பது வருசப் பாக்கி கிடக்கு" என்று சொல்லித் தன்னுடைய கதிரையை அந்தக் கர்ப்பிணிக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே மிச்சப் பேரைப் பார்த்தார்.

இனி நாட்காட்டி. அவருடைய அறைச் சுவரில் மூன்று தொங்கின. வேதக் கோயில் திருநாள்கள் போட்டது ஒன்று, நோன்பும் பெருநாளும் போட்டது ஒன்று, பஞ்சாங்கம் பார்த்து அச்சடித்தது ஒன்று. கடைசியாக எப்போது தீட்டு வந்தது என்று கேட்டால் எங்கள் பெண்கள் திகதி சொல்வதில்லை. நோன்பு தொடங்கி ஐந்தாம் நாள் என்பாள் ஒருத்தி. கட்டுக்கரைக் குளத்துக் கதவு திறந்த கிழமை என்பாள் மற்றவள். ஷெல் விழுந்து ஊரைவிட்டு எழும்பின அன்றைக்கு என்று சொல்பவர்களும் இருந்தார்கள், அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட நாள்கள் நிறைய. அதிலிருந்து திகதியைப் பிடித்துத்தான் பிள்ளை பிறக்கும் நாளைக் கணிப்போம். திகதி பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்.

இந்த வித்தையில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு பெருமை. என் தகப்பன் கோயில் மூப்பராக இருந்தவர். தீவிலும் கரையிலும் எந்தக் கோயிலுக்கு எந்த நாள் திருவிழா என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மற்ற மிஸ்ஸிமார் நாட்காட்டியைப் புரட்டும் நேரத்தில் நான் தாயின் கிளினிக் கார்ட்டில் திகதியை எழுதி முடித்திருப்பேன்.

அப்படி எழுதிய ஒரு கார்ட்தான் பிலோமினாவுடையது.

அவள் முதன்முதலாக என் கிளினிக்குக்கு வந்தது ஒரு தை மாதம். நானும் அந்தக் கரைக்கு மாற்றலாகி வந்து இரண்டு கிழமைதான். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை வயிற்றுக்குள்ளேயே இழந்தவள். இரண்டும் மாதம் நிறைந்த பிறகு, பெலம் இல்லாமல் சின்னதாகக் கிடந்து, துடிப்பு நின்று, பிறகு பிறந்தவை. ஒன்றின் முகத்தையும் அவள் உயிரோடு பார்க்கவில்லை. தீட்டு எப்போது வந்தது என்று கேட்டேன். "லோறன்சியார் திருவிழா அண்டைக்கு மிஸ்ஸி" என்றாள். அவளுடைய ஊர்க் கோயில் புனித லோறன்சியார் கோயில். எனக்கு யோசிக்க என்ன இருக்கிறது? ஆவணி பத்து, அதாவது ஓகஸ்ட் பத்து, என்று எழுதினேன். பிள்ளை வைகாசி நடுவில் பிறக்க வேண்டும்.

மாதா மாதம் அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் கூடியது. என் கணக்குக்கு வயிறு வளரவில்லை. வைகாசி பிறந்தது, நடுப்பகுதியும் கடந்தது, நோவின் அறிகுறி இல்லை. முந்தின இரண்டும் போன மாதிரியே என்று எனக்குள் ஒரு குரல் கத்தியது. அந்தக் கிழமை பாதை பூட்டப்போகிறார்கள் என்ற கதையும் வந்தது. மாதா மாதம் கேட்டும் அவளுக்குக் கிடைக்காத பாஸை, கந்தோரில் சண்டை பிடித்து ஏழு நாளுக்கு எடுத்தேன். அவளுடைய கணவன் மீன்பிடிக்கிறவன், ஆண்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. சாவடி வரை சைக்கிளில் வந்தவன் என்னிடம், "எப்பிடியாவது இந்த முறை மிஸ்ஸி" என்று மட்டும் சொன்னான். மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்றோம். பிலோமினா கை முழுவதும் வியர்க்க என் கையைப் பிடித்திருந்தாள்.

டொக்டர் கார்ட்டை வாசித்தார். கட்டிலில் ஏற்றி வயிற்றில் இரண்டு கைகளையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அது அவருடைய வழக்கம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிறகு நாடா. முப்பத்தைந்து. இரண்டைக் கழித்தால் முப்பத்துமூன்று. கிழமைக்கு ஒரு சென்றிமீற்றர் என்பது கணக்கு, நாற்பத்தொரு கிழமை வயிறு நாற்பதுக்குக் கிட்ட இருக்க வேண்டும். பிறகு மரக்குழலை வைத்துத் துடிப்பை நெடுநேரம் கேட்டார்.

எனக்குப் பொறுமை இல்லை. பிள்ளை வளராமல் நின்றுவிட்டது, முந்தின இரண்டும் இப்படித்தான், இன்றைக்கு வயிற்றை வெட்டி எடுக்காவிட்டால் நாளைக்கு இதுவும் போய்விடும் என்று கடகடவென்று சொன்னேன். பாதை பூட்டப்போகிற கதையையும் சொன்னேன். கட்டிலில் கிடந்த பிலோமினா டொக்டரின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "வெட்டியெண்டாலும் எடுத்துத் தாங்கோ டொக்டர். ஒருக்கா உயிரோட முகத்தைப் பாத்தாக் காணும்" என்றாள்.

அவர் முன்னால் இருந்த சிக்கலை நான் விளக்க வேண்டும். யுத்தத்தால் ஸ்கேன் மெசின் என்ற ஒன்றை எங்கள் பக்கம் அப்போது கண்ணால் கண்டதில்லை. கையும் நாடாவும் மரக்குழலும் தாயின் வாய்ச்சொல்லும்தான். நான் சொன்னது சரியென்றால் உடனே எடுக்க வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் பிள்ளை போய்விடலாம். திகதி பிழையென்றால் அது குறைமாதப் பிள்ளை. குறைமாதப் பிள்ளையை வைத்து வளர்க்க அங்கே கருவி இல்லை, மின்சாரம் நினைத்தால் வரும், கொழும்புக்கு அனுப்பப் பாதை இல்லை. வெட்டி எடுத்தால் அவள் கேட்டபடி உயிரோடு ஒருமுறை முகத்தைப் பார்ப்பாள். அதோடு சரி.

டொக்டர் ஒரு கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்தார். நான் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குச் சொல்லி அனுப்புவார் என்று பார்த்தால், "லோறன்சியார் திருவிழா எப்பிடி நடந்தது பிள்ளை?" என்று கேட்டார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்ல முடியாது. பிள்ளையின் உயிர் ஊசலாடுகிறது, இந்த மனுசி ஊர்க்கதை கேட்கிறது என்று நினைத்தேன்.

பிலோமினாவும் முதலில் திகைத்தாள். பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினாள். சனம் குறைவு, வெடி கொளுத்த அனுமதி இல்லை, பாட்டுப் பூசைதான் விசேசம் என்றாள். டொக்டர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"லோறன்சியாற்ற சுருவத்தைத் தூக்கிச் சுத்திக்கொண்டு வரேக்கை மழை பிடிச்சிட்டுது டொக்டர். தோணி மூடுற படங்கைக் கொண்டந்துதான் சுருவத்தை மூடினவை. நானும் தெப்பமாய் நனைஞ்சு போனன். வீட்டை வந்து உடுப்பு மாத்தேக்கைதான் தீட்டு வந்ததைக் கண்டனான். அதுதான் மறக்கேல்லை" என்றாள்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "மிஸ்ஸி, இந்தக் கரையிலை ஆவணியிலை மழை பெஞ்சு கண்டிருக்கிறீங்களோ?"

இல்லை என்று தலையாட்டினேன். ஆவணி என்றால் எங்கள் பக்கத்தில் சோழகக் காற்று புழுதியை வாரி வீசுகிற காலம். சேலைத் தலைப்பை நனைக்கவும் ஒரு துளி விழாது. பிலோமினாவிடம் கேட்டோம். அந்த ஆவணியில் ஊரில் ஒரு குஞ்சும் இல்லையாம். ஆடிக் கடைசியில் ஷெல்லடிக்குப் பயந்து எழும்பி ஓடியவர்கள் புரட்டாதியில்தான் திரும்பி வந்தார்கள். லோறன்சியாருக்குத் திருவிழா இல்லாமல் போகக் கூடாது என்று பங்குச் சாமியார் ஐப்பசி முதல் ஞாயிறு வைத்தார். நான் அந்தக் கரைக்கு வந்தது தையில். எனக்கு இது தெரியாது.

"ஏன் பிள்ளை எனக்கு இதைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும்.

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "நீங்கள் எப்ப வந்ததெண்டுதானே கேட்டனீங்கள் மிஸ்ஸி. திருவிழா அண்டைக்கெண்டு சொன்னனான்தானே" என்றாள்.

ஏறக்குறைய இரண்டு மாத வித்தியாசம். பிள்ளைக்கு அப்போது முப்பத்துமூன்று கிழமைதான். கிழிந்த நாடா சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. டொக்டர் கார்ட்டை எடுத்து, நான் எழுதிய திகதியைக் குறுக்கே வெட்டி, அதற்குக் கீழே ஏதோ எழுதி, கார்ட்டை பிலோமினாவின் கையில் கொடுத்தார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெளி விறாந்தைக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் டொக்டர் ஒரு கிளாஸ் பிளேன்ரீயோடு வந்தார்.

"அவ திகதி சொல்லேல்லை மிஸ்ஸி. திகதி எழுதினது நீங்கள்" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். அதுதான் எனக்கு உள்ளே இறங்கியது. "இனி அவை சொல்லுறதை அப்பிடியே எழுதுங்கோ. கணக்கை ஆறுதலாப் பாப்பம்."

ஆனால் பயம் அன்றோடு தீரவில்லை. மழையை நம்பித்தான் அவர் முடிவெடுத்தார். பிலோமினா மழையைத் தப்பாக நினைவு வைத்திருந்தால்? முந்தின இரண்டு பிள்ளைகள் போன காரணமும் முழுதாகத் தெரியாது. டொக்டர் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. தன்னுடைய விடுதியின் முன்னறையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் காலையிலும் பின்னேரமும் துடிப்பைக் கேட்டார். பிள்ளை உதைக்கிற ஒவ்வொரு முறைக்கும் ஒரு புளியங்கொட்டையை ஒரு தகரப் பேணியிலிருந்து மற்றப் பேணிக்குப் போடச் சொன்னார். பிலோமினா செபமாலையும் சொல்வாள், புளியங்கொட்டையும் போடுவாள், சில நேரம் எது எத்தனை என்று இரண்டும் குழம்பிப்போகும் என்று பிறகு சொல்லிச் சிரித்தாள். டொக்டர் பக்கத்து அறையில் தொழுதுவிட்டு வந்து முதலில் பேணியைத்தான் பார்ப்பாராம்.

ஏழு நாள் பாஸ் முடிந்ததும் முகாமில் அதை நீட்ட மறுத்தார்கள். டொக்டர் தானே போனார். புத்தளத்தில் பழகிய சிங்களத்தில் பேசினார். பிள்ளையை எடுத்துவிட்டு ஆளை அனுப்பலாமே, ஏன் இவ்வளவு நாள் என்று அந்த அதிகாரி கேட்டாராம். நெல் பாலாக இருக்கும்போதே அறுக்கச் சொல்கிறீர்களா என்று இவர் கேட்டிருக்கிறார். அந்த அதிகாரி வயல் உள்ள ஊர்க்காரராக இருந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் டொக்டர் போவதும், நெல் முற்றிவிட்டதா என்று அவர் கேட்பதும், முத்திரை குத்துவதும் வழக்கமாகிவிட்டது.

நான் என் கரையில் இருந்தேன். பாதை ஒரு கிழமை பூட்டி, பிறகு திறந்தது, ஆனால் ஆனிப் பயணத்துக்கு எனக்குப் பாஸ் கிடைக்கவில்லை. ஒரு செய்தியும் வராது. ஒவ்வொரு நாளும் அவளுடைய கணவன் வந்து வாசலில் நிற்பான், நான் கையை விரிப்பேன். அந்த ஆறு கிழமையில் நான் செபித்ததுபோல வாழ்நாளில் செபித்ததில்லை. என்னுடைய கெட்டித்தனத்தால் ஒரு பிள்ளை கத்திக்குப் போய்த் திரும்பியது என்பது ஒரு பக்கம். இனி அது செத்துப் பிறந்தால், நான் சொன்னதே சரி, அன்றைக்கே எடுத்திருக்கலாம் என்றாகிவிடும். நான் பிழையாக இருக்க வேண்டும், முழுப் பிழையாக இருக்க வேண்டும் என்று மன்றாடினேன். அப்படியொரு செபத்தை லோறன்சியார் முன்பு கேட்டிருக்க மாட்டார்.

ஆடி மாதம் என் மாதாந்தப் பயணத்தில் நான் ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்தபோது காலை பத்து மணி. பிலோமினா பிரசவ அறையில் என்றார்கள். கைகழுவிக்கொண்டு ஓடினேன். வெட்டும் இல்லை, கொத்தும் இல்லை, தானாக நோவு வந்து, மத்தியானத்துக்கு முன் பிறந்தது. பெண் பிள்ளை. வெளியே வந்ததும் ஆஸ்பத்திரியே கேட்கும்படி அழுதது. விரல் நுனிவரை முற்றிய நகங்கள், உள்ளங்காலில் மடிப்பு மடிப்பாகக் கோடுகள், நிறைமாதப் பிள்ளை என்று பார்த்ததும் தெரிந்தது. டொக்டர் துடைத்து என் கையில் தந்தார். "பிடியுங்கோ மிஸ்ஸி. இதுதான் சரியான திகதி" என்றார். பிள்ளையோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்று அவர் சொன்னதும், மாதாவே என்று பிலோமினா சொன்னதும் ஒன்றாகக் கேட்டன. 

பிள்ளைக்கு உங்கள் பெயரை வைக்கப்போகிறேன் என்று பிலோமினா டொக்டரிடம் பிடிவாதம் பிடித்தாள். டொக்டர் கேட்கவில்லை. மழையில் நனைந்தது லோறன்சியார், பெயர் அவருக்குத்தான் சேர வேண்டும் என்றார். அப்படித்தான் லோறன்சியா.

அன்று பின்னேரம் நான் டொக்டரிடம் போனேன். பயத்தில் இருந்த பிலோமினாவுக்கு அன்றைக்கு என் பிழை விளங்கியிருக்காது என்று நம்பியிருந்தேன். பிலோமினாவிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்றேன். அவர் மருந்துக் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. சொல்லக் கூடாது என்றார். ஏன் என்று கேட்டேன்.

"அந்தக் கரைக்கு நீங்கள் ஒராள்தான் மிஸ்ஸி. நாளைக்கு அவை உங்களை நம்பாட்டி ஆரட்டைப் போறது? உங்கட மனப்பாரம் குறையிறதுக்காக அவையின்ர நம்பிக்கையை எடுக்காதேங்கோ. நான் மௌத்தாகுமட்டும் இது வெளியிலை போகக் கூடாது. வாக்குத் தாங்கோ."

வாக்குக் கொடுத்தேன். யுத்தம் முடிந்தது, பாதை திறந்தது, இரண்டு பேரும் ஓய்வு பெற்றோம். பெருநாளுக்கு நான் போவேன், கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு அவர் கேக் அனுப்புவார். எத்தனையோ தடவை இனியாவது சொல்லட்டுமா என்று கேட்டிருப்பேன். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சிரிப்பார். லோறன்சியா வளர்ந்தாள், படித்தாள், என் கண்முன்னே கோயிலில் முதல் நன்மை எடுத்தாள், பிறகு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனாள். அவள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அந்த வெட்டுப்பட்ட திகதி என் கண்ணில் வந்து நிற்கும்.

டொக்டரின் செய்தி வந்த அன்று அஸர் தொழுகை நேரம் கழியும்வரை காத்திருந்தேன். அவர் மண்ணுக்குள் போன பிறகுதான் வாக்குத் தீரும் என்று எனக்கு ஒரு கணக்கு. பிறகு பிலோமினாவுக்கு எடுத்தேன். ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். திருவிழா நாளைக் கேட்காமல் எழுதியது நான், பிள்ளையைக் குறைமாதத்தில் வெட்டி எடுக்கச் சொல்லி நின்றது நான், டொக்டர் மட்டும் இல்லாவிட்டால் இன்றைக்கு லோறன்சியா இல்லை என்றேன்.

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. 

"எனக்கு அண்டைக்கே தெரியும் மிஸ்ஸி" என்றாள். "நான் அந்தக் கட்டிலிலைதானே கிடந்தனான். நீங்கள் விறாந்தையிலை நிண்டு அழுததும் கண்டனான். உங்களோட கதைக்க வேணுமெண்டு டொக்டரட்டைக் கேட்டன். கூடாதெண்டு சொல்லிப்போட்டா. எனக்குத் தெரியுமெண்டு நீங்கள் அறிஞ்சால் என்ர முகத்தைப் பாக்கக் கூச்சப்பட்டு வேலையை விட்டிட்டுப் போயிடுவீங்களாம். தான் மௌத்தாகுமட்டும் வாய் திறக்கக் கூடாதெண்டு சத்தியம் வாங்கினவ."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரே ரகசியத்தை இரண்டு பேரிடமும் கொடுத்து, ஒருவரிடமிருந்து மற்றவரைக் காத்துவிட்டு, மனுசி ஒன்றும் தெரியாதவர்போல நத்தாருக்குக் கேக் அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"கோபமில்லையா பிள்ளை?" என்று கேட்டேன்.

"என்ன கோபம்? அந்த வெயிலுக்கை மூண்டு மணித்தியாலம் என்ர கையை விடாமல் நிண்டது நீங்கள்தானே" என்றாள்.

அப்போதுதான் அந்தக் கார்ட்டைப் பற்றிக் கேட்டேன். இருக்கிறது என்றாள். எத்தனையோ இடப்பெயர்வுகளில் வீட்டையும் நகையையும் விட்டுவிட்டு ஓடியவள், கார்ட்டை லோறன்சியாவின் ஞானஸ்நானப் பத்திரத்தோடு பொலித்தீனில் சுற்றிக் கொண்டே திரிந்திருக்கிறாள். என் திகதியை வெட்டிவிட்டு டொக்டர் என்ன எழுதினார் என்று கேட்டேன். இத்தனை வருடம் நான் பயந்த வரி அது. மருத்துவிச்சியின் பிழை என்று எழுதியிருப்பார், எழுதத்தான் வேண்டும், நானாக இருந்தாலும் எழுதியிருப்பேன்.

அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. மூக்குக் கண்ணாடியைத் தேடினாள். பிறகு எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"'லோறன்சியார் திருவிழா, ஐப்பசி முதல் ஞாயிறு. மழை பெய்தது. தாய் சொன்னது சரி.' அவ்வளவுந்தான் மிஸ்ஸி. உங்களைப் பற்றி ஒண்டும் இல்லை."

விறாந்தையில் டொக்டர் சொன்ன அன்றைக்குப் பிறகு, என் கொப்பியில் நான் பார்த்த ஒவ்வொரு தாயின் பக்கத்திலும் முதல் வரியில் அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அந்தக் கொப்பிகள் இன்னும் என் அலுமாரியில் கிடக்கின்றன. அவரிடமிருந்து எனக்கென்று இருந்தது அதுதான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இப்போது அந்த மூன்று வரிகளும் இருக்கின்றன. தொலைபேசியை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்க் காய்ந்த கருவாட்டை அள்ளிப் பனையோலைக் கடகத்தில் போட்டேன். காலையில் வராத அழுகை அப்போது வந்தது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ஆறுதலாக அழுதேன்.